திரும்பிப் போன வண்டிகள்

வாழவந்தி,
12.1.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்ணாயி எழுதுறேன். நானும் அம்மாவும் சுகமா இருக்கோம். பனிதான் இந்த வருஷம் நொம்ப. சபரிமலை டிரிப் ஓட்டி ஓட்டி உங்க உடம்பு எப்படி இருக்குது? பெங்களூர்க் குளிர் அண்ணிக்கு ஒத்துக்குதா?

பொங்கல் தாண்டித்தான் உங்க டூரிஸ்ட் பஸ் ஏற்காட்டுக்கு வரும்னு தெரியும். அதுவரைக்கும் பொறுக்க முடியாமத்தான் இந்த லெட்டர். எனக்கு வேலை கிடைச்சிருக்குது அண்ணா.

மலைக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்கு அடுத்த மாசத்திலிருந்து நுழைவு வரி போடறாங்க. இருபதாவது வளைவு தாண்டினதும் ஒரு கேட். காருக்கு அஞ்சு ரூபாய், வேனுக்குப் பத்து, டூரிஸ்ட் பஸ்ஸா இருந்தா தலைக்கு ரெண்டு ரூபாய். வசூல் பண்ணி ரசீது எழுத ஆள் வேணும்னு பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் பதினாறு பேரைக் கூப்பிட்டிருந்தாங்க. எல்லாரும் சேலத்துக்காரங்க. மலைக்காரி நான் ஒருத்திதான். ஒரு பக்கம் நிறைய எண்ணைக் குடுத்துக் கூட்டச் சொன்னாங்க. நான் முடிச்சு நிமிர்ந்தப்ப மத்தவங்க பாதியில இருந்தாங்க. டிரைவருங்க சத்தம் போட்டா அழுதுருவியான்னு ஆபீசர் கேட்டார். எங்க அண்ணனே டிரைவர்தானுங்க, சத்தமெல்லாம் பழக்கமுங்கன்னு சொன்னேன். சிரிச்சிட்டார். அங்கேயே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டார்.

அம்மா நேத்து ஏரிக்கரையில கொய்யா வித்துக்கிட்டே வாங்கினவங்க எல்லாருகிட்டயும் சொல்லியிருக்காங்க. பாதிப் பேர் வேற பாஷைக்காரங்க, என்ன சொல்றாங்கன்னே புரிஞ்சிருக்காது.

அண்ணியை நான் நொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க.

உங்க தங்கச்சி,
கண்ணாயி


பெங்களூர்,
24.1.1987

கண்ணு கண்ணாயிக்கு,

அண்ணன் சித்தன் எழுதறது. நானும் உங்க அண்ணி மல்லிகாவும் நல்லபடியா இருக்கோம். சாமி ஓட்டம் முடிஞ்சுது. ஒன்றரை மாசம் உக்காந்தே இருந்ததுல முதுகும் சீட்டும் ஒண்ணாயிருச்சு, அவ்வளவுதான் குறை. அம்மாவைக் காத்துல உக்கார வேண்டாம்னு சொல்லு.

உன் லெட்டரை ஷெட்டுல எல்லாரும் கேக்க ரெண்டு தரம் படிச்சேன். எங்க மலையிலிருந்து வந்து ஸ்டியரிங் பிடிச்ச முதல் ஆள் நான்னு இத்தனை வருஷமா பீத்திக்கிட்டிருந்தேன். இனிமே கேட் அதிகாரியோட அண்ணன். அன்னிக்கு டீச்செலவு என்னுது.

எட்டாவதோட நின்னவன் உனக்கு என்ன சொல்லித்தர முடியும்? ஆனா வண்டியைப் பத்திச் சொல்லலாம். கேட்டை ஏத்தத்துல வைக்க விட்டுறாதே. அம்பது பேரோட இருபது வளைவு ஏறி வந்த பஸ்ஸை ஏத்தத்துல நிறுத்தித் திரும்ப எடுத்தா கிளட்ச் தீஞ்சுபோகும். பஸ் பின்னாடி நழுவும். சமதரையில வைக்கச் சொல்லு. அப்புறம், ஓனர் பின்னாடி கார்ல வர்றார், அவர் குடுப்பார்னு சொல்றவனை நம்பாதே. அப்படி ஒரு ஓனர் எங்கேயும் வர்றதில்லை. நானே சொல்லியிருக்கேன். வண்டி உருளும்போது ஜன்னல்ல கை வைக்காதே.

நம்ம அப்பா இருந்திருந்தா கேட்டுக்கிட்ட வந்து நாள் பூரா உக்காந்துக்கிட்டிருப்பார்.

அன்பு அண்ணன்,
சித்தன்


வாழவந்தி,
22.2.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கதானே?

மூணு வாரமா கேட்டில் உக்கார்றேன். நீலச் சேலை, கையில ரசீது புஸ்தகம். கம்பத்தைத் தூக்கி இறக்கச் சின்னையன்னு கிளியூர்க்காரர் ஒருத்தர். நீங்க சொன்னது நிஜம்தான், ஏத்தத்துலதான் நட்டிருந்தாங்க. முதல் நாளே ஒரு பஸ் பின்னாடி நழுவி, சின்னையன் கல்லைத் தூக்கிக்கிட்டு ஓடினார். ஆபீசர்கிட்டச் சொல்லி நாப்பது அடி மேலே, சமதரைக்கு மாத்த வெச்சேன். அண்ணன் சொன்னதுன்னு சொல்லலை. நானே கண்டுபிடிச்ச மாதிரி சொன்னேன். கோவிச்சுக்காதீங்க.

கார்க்காரங்களால தொந்தரவே இல்லை. கண்ணாடியை இறக்கி, குடுத்துட்டுப் போயிடறாங்க. பஸ்தான் பெரிய வேலை. நான் உள்ள ஏறித் தலையை எண்ணணும். தூங்கற குழந்தையையும் எண்ணணும். சில பேர் குழந்தையைச் சீட்டுக்கு அடியில தள்ளிவிட்டுடறாங்க. நான் குனிஞ்சு பாக்கணும். நேத்து ஒரு அம்மா, சந்தையில ஆட்டை எண்ற மாதிரி எண்றியேம்மான்னு கேட்டாங்க. நான் அடுத்த சீட்டுக்குப் போய் எண்ணினேன். இன்னொரு விஷயம், பஸ்ஸை விட்டு இறங்கற பொம்பளைங்க எல்லாரும் முதல்ல என்னைக் கேக்கறது கக்கூஸ் எங்கேன்னுதான். புதர்ப் பக்கம் கையைக் காட்டறேன். எனக்கே அதுதான்.

அம்மா பழக்கூடையை எடுத்துக்கிட்டு வழக்கம்போல ஏரிக்குப் போறாங்க. மாசத்துக்கு ரெண்டு தரம் வர்ற உங்க பஸ் இந்த மாசம் ஒரு தரம்கூட வரலையே அண்ணா? சனிக்கிழமையானா ஒவ்வொரு ஹாரனுக்கும் எட்டிப் பாக்கறேன்.

பிரியமுள்ள தங்கச்சி,
கண்ணாயி


பெங்களூர்,
16.3.1987

கண்ணு கண்ணாயிக்கு,

அண்ணிக்குக் காய்ச்சல் வந்து இப்ப தேவலை. நான் நல்லா இருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு எப்படி?

பஸ்ஸை இஞ்சின் வேலைக்கு விட்டிருக்குது. அதனாலதான் வரலை. வேற ஒண்ணுமில்லை. கேட்டை நகர்த்த வெச்சியே, அதுல எத்தனை வண்டிக்குக் கிளட்ச் பிழைச்சுதோ. நீ சொன்னதாவே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். சும்மாதான் கேக்கறேன். பஸ்காரன் ராத்தங்கிட்டு மறுநாள் டீசலுக்கோ கோயிலுக்கோ சேலம் இறங்கிட்டு மறுபடி ஏறினா, மறுபடியும் எல்லாத் தலைக்கும் கட்டணுமா?

வேலையில கவனமா இரு.

அண்ணன்,
சித்தன்


வாழவந்தி,
19.4.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்குக் காய்ச்சல் முழுசா விட்டுதா? கஷாயம் வெச்சுக் குடுத்தீங்களா, இல்லை கடையில மாத்திரை வாங்கிப் போட்டதோட சரியா? நான் சுகம். அம்மாவுக்குக் கொஞ்சம் மூட்டு வலி. ஏரிக்குப் போறதைக் கொஞ்ச நாளா நிறுத்தியிருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்லை.

நீங்க கேட்டதுக்குப் பதில்: ஆமாங்க அண்ணா, மறுபடி ஏறினா மறுபடி கட்டணும். எல்லாத் தலைக்கும்.

சீசன் பிறந்தும் பஸ்ஸுங்க நொம்பக் குறைச்சல். பஸ் ஸ்டாண்டுக்கிட்ட லாட்ஜ் நடத்தற செல்வராஜ் இருக்காரில்ல, அவருக்குப் பன்னண்டு ரூம்ல நாலுதான் ஓடுதாம். லாட்ஜ்காரங்களும் கடைக்காரங்களும் ஒரு நாள் கடையடைப்பு நடத்தினாங்க. என்னை யாரும் ஒண்ணும் சொல்லலை.

போன வாரம் தருமபுரிப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடத்து பஸ் வந்துது. அம்பத்தஞ்சு பிள்ளைங்க. வாத்தியார் பிள்ளைங்ககிட்ட இருந்த சில்லறையை எல்லாம் தொப்பியில வாங்கி எண்ணிப் பாத்தார். பத்தலை. என்கிட்ட வந்து, விடும்மான்னு கேக்கலை. மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு பஸ்ஸைத் திருப்பச் சொல்லிட்டார். கடைசி வளைவு வரைக்கும் ஏறி வந்த பிள்ளைங்க அண்ணா. ஏரியைப் பாக்காமலே இறங்கிப் போச்சுங்க.

அன்னிக்கு ஒண்ணு தோணிச்சு. உள்ள வந்த வண்டி ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட ரசீது நகல் இருக்குது. திரும்பிப் போன வண்டிக்கு எங்கேயும் எழுத்தே இல்லை. ஆபீசைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைங்க வரவே இல்லை. அதனால ஒரு நோட்டு வாங்கி, திரும்பிப் போற வண்டிங்களை மட்டும் எழுத ஆரம்பிச்சிருக்கேன். எந்த ஊர், எத்தனை பேர், என்ன சொன்னாங்க. முன்னே போனதையும் ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதிட்டேன்.

உங்க இஞ்சின் இன்னும் ரெடியாகலையா?

கண்ணாயி


பெங்களூர்,
3.5.1987

அன்புள்ள கண்ணாயிக்கு,

மல்லிகா எழுதறேன். எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாசமாச்சு. உன் அண்ணனும் திடமாத்தான் இருக்கார். அத்தைக்கு மூட்டு வலின்னு படிச்சேன். வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லு.

நான் எழுதறது உன் அண்ணனுக்குத் தெரியாது. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா நீ ஒவ்வொரு லெட்டர்லயும் பஸ் எங்கே, பஸ் எங்கேன்னு கேக்கறே. எனக்கு மனசு கேக்கலை.

இஞ்சினுக்கு ஒண்ணுமில்லை. கம்பெனியில ஏற்காடு டிரிப்பையே எடுத்துட்டாங்க. தலைக்கு ரெண்டு ரூபாய், இறங்கி ஏறினா இன்னொரு தரம், நிறுத்தி எண்றதுல அரை மணி நேரம் போகுது, ஜனங்க எங்களைத் திட்டறாங்கன்னு முதலாளி சொல்லிட்டாராம். அந்த பஸ் இப்ப வேற பக்கம் போகுது. அதுக்கு வேற டிரைவர். இவரை ஒரு ஃபேக்டரிக்கு ஷிப்ட் ஆளுங்களை ஏத்தி இறக்கற பஸ்ஸுல போட்டிருக்காங்க. டவுனுக்குள்ளேயே. மலை ஓட்டுற ஆளு, நாள் முழுக்க ரெண்டாவது கியர்ல ஊர்ந்துக்கிட்டிருக்கார்.

ஒரு நாள் ஷெட்டுல டிரைவருங்க அந்த ஏற்காட்டுக் கேட்டு நாசமாப் போகன்னு பேசிக்கிட்டிருந்தாங்களாம். இவர் எழுந்திருச்சு, அந்தக் கேட்டுல உக்காந்திருக்கறது என் தங்கச்சி, அதைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் யாரும் பேசறதில்லையாம். கூட உக்காந்து டீ குடிக்கறதும் இல்லையாம்.

உன்னைக் குத்தம் சொல்லி எழுதலை கண்ணு. தெரிஞ்சிருக்கணும்னு எழுதினேன்.

அண்ணி,
மல்லிகா


வாழவந்தி,
15.5.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கீங்கன்னு இந்த தரம் கேக்கலை. தெரிஞ்சுபோச்சு. அண்ணியைத் திட்டாதீங்க. நான் உங்களுக்கு மட்டும் தங்கச்சி இல்லை, அவங்களுக்கும்தான்.

நீங்க மறைச்சதுக்கு நான் கோவப்பட முடியாது. நானும் மறைச்சேன். அம்மாவுக்கு மூட்டு வலியெல்லாம் இல்லை. பஸ் நின்னதும் பழம் விக்கறவங்களுக்கு யாவாரம் போச்சு. ஐயாக்கண்ணு மாமாதான் முதல்ல ஆரம்பிச்சார். மக கேட்டை மூடறா, ஆத்தா இங்கே கடை விரிக்கறாளான்னு கேட்டு, இத்தனை வருஷமா அம்மா உக்காந்த இடத்துல அவர் கூடையை வெச்சுட்டார். அம்மா கூடையைத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டாங்க. அன்னிக்குக் கொண்டுபோன பலாச்சுளை பூராவும் அப்படியே இருந்துது. வேலையை விட்டுடட்டுமான்னு அம்மாவைக் கேட்டேன். இடம் போனா இன்னொரு இடம் பாத்துக்கலாம், நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அண்ணா, நான் ஆபீசுக்கு ஒரு மனு எழுதப்போறேன். வரியை எடுக்கச் சொல்லி இல்லை. அது தப்புன்னு நான் நினைக்கலை. மேல வர்றவங்க போட்ட குப்பையை அள்றது நாம, அவங்க குடிக்கற தண்ணி நம்ம ஊத்துத் தண்ணி. குடுக்கட்டும். ஆனா வாங்கற விதம் சரியில்லை. தலையை எண்ண வேண்டாம், பஸ்ஸுக்கு மொத்தமா ஒண்ணு வாங்குங்க. ஒரு தரம் கட்டினா மூணு நாள் செல்லட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை விட்டுருங்க. வாங்கின காசுல முதல்ல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டுங்க. இதைத்தான் எழுதப்போறேன். நோட்டையும் சேத்து வைக்கப்போறேன்.

உங்களுக்காகன்னு நினைக்காதீங்க. அந்த வாத்தியார் வந்த அன்னிக்கே மனசுல எழுத ஆரம்பிச்சுட்டேன்.

தங்கச்சி,
கண்ணாயி


பெங்களூர்,
27.5.1987

கண்ணு கண்ணாயிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். அம்மாவோட இடம் போனதைப் படிச்சதிலிருந்து சோறு இறங்கலை. ஐயாக்கண்ணு மாமா நம்ம கூட்டத்து ஆளு. அவரா இப்படி?

மனு எழுத வேண்டாம் சாமி. நான் கெஞ்சிக் கேக்கறேன். வேலைக்குச் சேந்து நாலு மாசம். இன்னும் நிரந்தரம் ஆகலை. மேல இருக்கறவங்க போட்ட வரியை, கீழ கம்பத்துக்கிட்ட உக்கார்ற பொண்ணு சரியில்லைன்னு சொன்னா விடுவாங்களா? எனக்கு ஃபேக்டரி பஸ் போதும். பழகிருச்சு. உள்ளதைச் சொல்றேன், நீ அந்த நாற்காலியில இருக்கேன்னு நினைச்சுத்தான் நாள் பூரா அந்த டிராபிக்குல உக்காந்திருக்கேன். அதுவும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்குது?

உடனே பதில் போடு.

அண்ணன்,
சித்தன்


வாழவந்தி,
8.11.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஞ்சு மாசமா ஒரு வரிகூட எழுதலை. உங்க ரெண்டு கார்டும், தீபாவளிக்கு அண்ணி போட்டதும் வந்துது. மன்னிச்சிருங்க. நான் நல்லா இருக்கேன். அம்மா உங்களைவிடத் திடமா இருக்காங்க. அண்ணிக்கு நாள் தள்ளியிருக்குதுன்னு படிச்சு அம்மா ஊர்ல யாரையும் விட்டு வைக்கலை, எல்லாருகிட்டயும் சொல்லிட்டாங்க.

ஏன் எழுதலைன்னு இப்ப சொல்லலாம். உங்க லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே மனுவைக் குடுத்துட்டேன். ஒரு வாரத்துல என்னைக் கேட்டை விட்டு எடுத்துட்டாங்க. ஆபீஸ் பின்னறையில கவருக்கு ஸ்டாம்பு ஒட்டற வேலை. கேட்டில் வேற ஆள். எழுதினா நீங்க அடுத்த பஸ் பிடிச்சு வந்து, எனக்காக ஆபீசர் முன்னாடி கைகட்டி நின்னு மன்னிப்புக் கேட்டிருப்பீங்க. உங்களை அப்படிப் பாக்க என்னால முடியாது. அதனால எழுதலை. ஸ்டாம்பு ஒட்டினேன்.

செப்டம்பர்ல சேலத்திலிருந்து பெரிய அதிகாரிங்க மூணு பேர் வந்தாங்க. லாட்ஜ்காரங்க, டாக்ஸிக்காரங்க, எஸ்டேட் ரைட்டருங்க எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங். செல்வராஜ் எழுந்திருச்சு, இந்த வரி மலையையே கொன்னுடுச்சுங்க, எடுத்துடுங்கன்னார். எங்க ஆபீசர், கார் வரத்து மாசத்துக்கு மாசம் குறையலைன்னு ரசீதைக் காட்டினார். அவர் சொல்றதும் நிஜம், இவர் சொல்றதும் நிஜம். எத்தனை வண்டி திரும்பிப் போச்சுன்னு பெரிய அதிகாரி கேட்டார். யாருக்கும் தெரியலை. டீ குடுத்துக்கிட்டிருந்த நான் தட்டை ஓரமா வெச்சுட்டு, எனக்குத் தெரியுமுங்கன்னு சொன்னேன்.

மனுவோட வெச்ச நோட்டு ஃபைலுக்குள்ளேயே தூங்கிக்கிட்டிருந்தது. எடுத்து வரச் சொன்னாங்க. நின்னு படிச்சேன். நான் கேட்டில் இருந்த நாலு மாசத்துல அறுபத்தோரு பஸ். அதுல இருபத்துமூணு பள்ளிக்கூடம். கார் பதினொண்ணுதான். ஊர் ஊராப் படிச்சேன், அவங்க சொன்னதையும் படிச்சேன். அந்தத் தொப்பி வாத்தியார் மன்னிச்சிருங்கன்னு சொன்னதையும் படிச்சேன்.

அப்ப வரியை எடுத்துடலாம்கறியாம்மான்னு அதிகாரி கேட்டார். நோட்டை மூடிட்டுச் சொன்னேன் அண்ணா.

"வரி குடுக்க மனசில்லாம திரும்பினவங்க கொஞ்சம் பேர்தானுங்க. நாம அவங்களை நிக்க வெச்சு, உள்ள ஏறித் தலையை எண்ணினோமுங்க. எண்ணினது நான்தான். விருந்தாளியை வாசல்ல நிறுத்தி எண்ணினா, காசிருக்கறவனும் உள்ள வரமாட்டானுங்க."

அப்புறம் மனுவுல எழுதின நாலையும் சொன்னேன். கக்கூஸ் விஷயத்தைச் சொல்றப்ப ரெண்டு பேர் சிரிச்சாங்க. பெரிய அதிகாரி சிரிக்கலை. எழுதிக்கிட்டார். மீட்டிங் கலைஞ்சதும் செல்வராஜ் என்கிட்ட வந்தார். நீ நம்ம ஆளா, அவங்க ஆளாம்மான்னு கேட்டார். மலை ஆளுங்கன்னு சொன்னேன்.

போன வாரம் ஆர்டர் வந்துது. பஸ்ஸுக்கு முப்பது ரூபாய், எத்தனை பேரா இருந்தாலும். மூணு நாளைக்குச் செல்லும். பள்ளிக்கூடத்து வண்டிக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுலயும் கேட்டுக்கிட்டயும் பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்ட அஸ்திவாரம் தோண்டியாச்சு. என்னைத் திரும்பக் கேட்டுக்கே அனுப்பிட்டாங்க. ஐயாக்கண்ணு மாமா ஊட்டுக்கு வந்து, அம்மாகிட்ட, அத்தாயி, உன் இடம் காலியா இருக்குதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். அம்மா ரெண்டு நாள் வீம்பா இருந்துட்டு மூணாம் நாள் கூடையை எடுத்துட்டாங்க.

புது ரேட்டு அச்சடிச்ச தாள் ஒண்ணு இதோட வெச்சிருக்கேன். உங்க முதலாளிகிட்டக் காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம்.

அண்ணியைப் பத்திரமாப் பாத்துக்கோங்க.

உங்க தங்கச்சி,
கண்ணாயி


பெங்களூர்,
23.2.1988

கண்ணு கண்ணாயிக்கு,

ஊடு வந்து சேந்தேன். அண்ணி நல்லா இருக்கா. நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டணும். அம்மா குடுத்துவிட்ட கொய்யாவுல பாதியை வழியிலேயே அவளுக்குத் தெரியாம தின்னுட்டேன்.

சனிக்கிழமை நான் வர்றதை வேணும்னேதான் சொல்லலை. முதலாளி அந்தத் தாளை நாலு தரம் படிச்சார். படிச்சுட்டு, மலை ஓட்டத் தெரிஞ்சவன் நீதான், நீயே எடுத்துட்டுப் போன்னார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அடிவாரத்துல கியரைப் போட்டேன். கை மறக்கலை.

நீ ஜன்னலுக்கு வந்து நின்னே. என் முகத்தைப் பாத்தே. பாத்துட்டு, எந்த டிரைவர்கிட்டயும் சொல்ற மாதிரியே, "பஸ்ஸுக்கு முப்பது ரூபாய்ங்க, மூணு நாள் செல்லும்"னு சொன்னே. நானும் முப்பதை எண்ணிக் குடுத்தேன். நீ எழுதிக் கிழிச்சுக் குடுத்தே. சின்னையன் கம்பத்தைத் தூக்கிட்டு ஒரு சலாம் வேற வெச்சார். அவருக்கு யார் சொன்னது?

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. முன் சீட்டுல பெங்களூர் டீச்சரம்மா ஒருத்தர். புதுக் கக்கூஸுக்குப் போயிட்டு வந்து ஏறினவங்க, எத்தனையோ மலைக்குப் போயிருக்கேன், ஏறினதும் பொம்பளைங்களை நினைச்ச ஊர் இதுதான்னு சொன்னாங்க. நான் திரும்பாமலே, அதைக் கட்ட வெச்சது அந்த நீலச் சேலை கட்டின பொண்ணுதானுங்கன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. என் தங்கச்சிங்கன்னேன். ஏரியைத் திரும்பறப்பக் கியர் மாத்த மறந்து பஸ் நின்னே போச்சு. இத்தனை வருஷம் மலை ஓட்டிட்டு, சமதரையில இஞ்சினை ஆஃப் பண்ணின டிரைவர் நான்தான். பஸ்ஸுல எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சரம்மா மட்டும் சிரிக்கலை.

அண்ணன்,
சித்தன்


வாழவந்தி,
6.3.1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

டாக்டர் என்ன சொன்னார்? அண்ணியை ஏழாம் மாசம் இங்கே கூட்டிட்டு வந்துடச் சொல்றாங்க அம்மா. எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை.

எனக்கு ஒரு சங்கடம் வந்திருக்குது. போன வாரம் ஆபீசில் ரசீது நகலை எல்லாம் சரிபாத்தாங்க. உங்களுக்குக் கிழிச்ச ரசீதுல வண்டி நம்பர் தப்பு. கடைசி ரெண்டு எண்ணை மாத்திப் போட்டிருக்கேன். அப்படி ஒரு பஸ்ஸே கிடையாதாம். வேலைக்குச் சேந்ததிலிருந்து ஒரு எழுத்து பிசகினதில்லையே, இதெப்படிம்மான்னு ஆபீசர் கேட்டார். வெயில் கண்ணுல பட்டுதுங்கன்னு சொல்லிட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அன்னிக்குப் பூரா மேகம்.

ரசீதைத் திருப்பி அனுப்புங்க. திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்.

கண்ணாயி


பெங்களூர்,
14.3.1988

கண்ணு,

தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கன்னு டாக்டர் சொன்னார். ஏழாம் மாசம் நானே ஓட்டிக்கிட்டு வந்து விடறேன்.

ரசீதை அனுப்ப மாட்டேன். கம்பெனிக்கும் குடுக்கலை. அந்த முப்பது ரூபாயை என் கையிலிருந்து போட்டுட்டேன். உங்க ஆபீசர் கேட்டா, அந்த டிரைவர் தர மாட்டேங்கறான், வேணும்னா கேஸ் போடட்டும்னு சொல்லு. வருஷம் பூரா ஒரு எழுத்து பிசகாதவ, அண்ணனைப் பாத்ததும் பண்ணின ஒரே தப்பு அது. அதை நீ திருத்த வேண்டாம்.

சித்தன்